இரண்டாம் கியர் நிற்காத இறக்கம்

2009 ஆகஸ்ட் 14, வெள்ளிக்கிழமை. மாலை நாலு மணிக்குக் கர்சியாங்கிலிருந்து பங்காபாரி இறக்கத்தில் ஒரு டாக்ஸி கிளம்பியது. நம் ஸ்டாண்டு வண்டிதான். ஓட்டியவன் புர்பா, இதோ இங்கே உட்கார்ந்திருக்கும் நம் நோர்பூவின் மைத்துனன். பின்சீட்டில், அண்ணன் புர்பாவைத் தாஜு என்று கூப்பிடும் தங்கை மாயல்மு, நிறைமாதம். ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அவள் தலையை மடியில் ஏந்திக்கொண்டு புருஷன் தில்குமார். உடனே சிலிகுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் இரண்டு உயிரும் தங்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

மழை இல்லை. மூடுபனி. எதிரே ஒரு வண்டி இல்லை.

அந்த இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. புர்பா இரண்டாம் கியரில் இறங்குகிறவன். காலை எடுத்தாலும் எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும். ங்ங்ங்... என்று ஒரு முனகல் கூடவே வரும். அது கேட்கிறவரை பயமில்லை.

தேயிலைத் தோட்டம் தாண்டிய கொண்டை ஊசி வளைவு... முனகல் நின்றது.

கியர் தடி தானாக நடுவுக்கு வந்திருந்தது. நியூட்ரல். ஈரத்தில் டயர் ஓடும் சத்தம் மட்டும். புர்பா கிளட்சை மிதித்து மறுபடி இரண்டில் போட்டான். முனகல் வந்தது. அடுத்த வளைவில்... நின்றது.

"தேஞ்ச கியர்பாக்ஸ். அதுக்குப் பேய்னு பேரா?" என்று, என் பேய்க்கதையைக் கேட்டுக்கொண்டு அடுப்போரம் இருந்த பேம்பா சிரித்தான்.

இரு, பேம்பா. புர்பாவும் முதலில் அப்படித்தான் நினைத்தான்.

"தில், முன்னால குனி. இந்தத் தடியைப் பின்னால இழுத்துப் புடி. விட்டுராத!"

"இவ தலை..."

"தலைகாணி வெச்சுட்டு வாடா, புடி!"

தில்குமார் இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே கையை நீட்டிப் பிடித்தான். முனகல் திரும்பியது. கொஞ்ச தூரம் போனார்கள்.

"தாஜு, கைய எடுங்க. என் கை மேல அழுத்துறீங்க. ஐஸ் மாதிரி இருக்கு."

புர்பாவின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் இருந்தன.

பீடி வாசனை... நனைந்த கம்பளி வாசனை... புர்பாவுக்குத் தெரிந்துவிட்டது. சாயிலா தாஜு. நம் ஸ்டாண்டின் மூத்த டிரைவர். இறக்கம் முழுக்க நியூட்ரலில் விடுகிறவர். "இறக்கம் கடவுள் இனாமாக் குடுத்த ஓட்டம்டா, அதுக்குப் போய் எவனாவது எண்ணெயை எரிப்பானா?" என்பார். போன வருஷம் பிரேக் சூடேறி, இந்த வளைவுகளில்தான் வண்டியோடு உருண்டு செத்துப்போனார். கெட்ட மனுஷன் இல்லை. கைப்பழக்கம்.

தடி முன்னால் நகர்ந்தது. அவசரமே இல்லாமல்.

"சாயிலா தாஜு! மாயல்மு வந்திருக்கா. நீங்க மிட்டாய் வாங்கிக் குடுத்த புள்ள. விடுங்க!"

தடி நகர்ந்துகொண்டே இருந்தது. தில்குமார் இரண்டு கையாலும் இழுத்தான்.

"டீசல் என் செலவு தாஜு! டாங்க் முழுக்க நான் ஊத்துறேன்... விடுங்க!"

நியூட்ரல்.

மிச்சம் பிரேக் மட்டும். வளைவுக்கு வளைவு மிதித்தான். கருகிய வாசனை. பெடல் பஞ்சு மாதிரி ஆகி, பிறகு தரையைத் தொட்டது. கைப்பிரேக்கும் பிடிக்கவில்லை. பின்னாலிருந்து மாயல்மு, "தாஜு, மெதுவாப் போ..." என்றாள்.

மலைப்பக்கம் ஒடித்து, பாறையில் வண்டியை உரசவிட்டான். தகரம் கிழிந்தது. சக்கரம் சாக்கடையில் இறங்கி நின்றது.

யாருக்கும் எலும்பு முறியவில்லை. வேறு வண்டி வருவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது.

கியர்பாக்ஸைத் திறந்து பார்த்தார்கள், பேம்பா. ஒரு பல்கூடத் தேயவில்லை.

மாயல்மு பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.