மூணு வருஷமா அஞ்சு வயசு

— மூணு வருஷமா என் பொண்ணுக்கு அஞ்சு வயசு ஆவலன்னு எழுதி வெச்சிகிறீங்களே எட்மாஸ்டர் சார், இது இன்னா கணக்கு?

— நான் எழுதலம்மா. நான் இந்த ஸ்கூலுக்கு மாத்தலாகி வந்தே ஆறு மாசந்தான் ஆகுது. எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது.

— எழுதின கை வேற. நோட்டு ஒண்ணுதான.

— ஏ ஆதி, சாராண்ட நிதானமா பேசு. கோவத்த வூட்ல வெச்சிட்டு வரேன்னுதான சொன்ன.

— வெச்சிட்டுதான்யா வந்தேன். பின்னாலயே வந்துட்ச்சி.

— இருசப்பா, நீயாவது நான் சொல்றத கேளு. ஆம்பளைக்கு ஆம்பளை சொல்றேன். இது சாதாரண பஞ்சாயத்து யூனியன் ஸ்கூல். நான் ஒருத்தன், எனக்குக் கீழ ஒரு வாத்தியார். பிள்ளைங்க தொண்ணூத்திரெண்டு. காது கேக்காத பொண்ணுக்கு நாங்க என்னத்த சொல்லித் தர்றது?

— அது எனுக்குத் தெரியாது சார். எங்க பொண்ணுக்கு காது கேக்கலன்றதே எங்களுக்கு போன மாசி மகத்துலதான் தெரியும்.

— எட்டு வயசுப் பொண்ணு. பெத்தவங்களுக்கு இத்தனை நாள் தெரியாதா? நம்புற மாதிரியா இருக்கு?

— குப்பத்துல வந்து ஒரு நாள் இருந்து பாருங்க சார். அலை சத்தத்துல எவன் வாயால பேசறான்? வான்னா கை. போன்னா கை. வலை இழுன்னாலும் கைதான். கட்டுமரம் கரைக்கு வரச்சொல்ல, எந்த அலையில ஏறணும்னு கரையில நின்னுகினு துண்ட வீசிக் காட்டுவாங்க. அத்தப் பாத்துதான் நாங்க வருவோம். ரெண்டு வருஷமா எனுக்கு துண்டு வீசறது இவதான். ஒரு நாளு கூட என் மரம் கவுந்ததில்ல. இவளுக்குக் காது கேக்காதுன்னு எவனுக்கு சார் தோணும்?

— பேச்சு வரலியே. அதுகூடவா தோணல?

— இவரும் அஞ்சு வயசு மட்டும் பேசலியாம், எங்க மாமியா சொல்லிச்சு. இப்ப மட்டும் இன்னா பேசிக் கிழிக்கறாரு. அப்பன மாதிரின்னு வுட்டுட்டோம். மாசி மகத்துக்கு சாமி கடலுக்கு வந்தப்ப, இவ முதுகாண்ட அதிர்வேட்டு வெச்சானுங்க சார். கரையில இருந்த கூட்டம் பூரா அலறித் திரும்பிச்சு. இவ மட்டும் குந்திகினு சிப்பி பொறுக்கறா. அப்பதான் எனுக்குப் புரிஞ்சுது.

— செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரில காட்டினோம் சார். பொறவியிலர்ந்தே கேக்கலன்னுட்டாரு டாக்டரு.

— பெத்தவ நானு. எனுக்கே தெரியல. அது எங்க தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா உங்க ஸ்கூலுக்கும் தெரியலியே சார்.

— அட்மிஷன்னா ஒரு முறை இருக்கும்மா. பிறந்த சர்டிபிகேட் இல்லாத பிள்ளைய, ஒரு கைய தலைக்கு மேல சுத்தி அந்தப் பக்கத்துக் காதத் தொடச் சொல்லுவோம். தொட்டா அஞ்சு வயசு ஆச்சு. தொடலன்னா வயசு பத்தலன்னு எழுதணும். இது ஊர் பூரா நடக்குறதுதான்.

— அத்தத்தான் நானும் சொல்றேன். காதத் தொடுன்னு அந்த சாரு வாயால சொன்னாரு. இவ அவரு மூஞ்சியவே பாத்துகினு நின்னா. வயசு பத்தலன்னு எழுதிட்டாரு. அடுத்த வருஷமும் அதே கத. மூணாவது வருஷம் திமிருடின்னுட்டு ஸ்கேலால முட்டியில அடிச்சாரு. எதுக்கு அடி வுழுதுன்னே தெரியாம இவ திரும்பி என் மூஞ்சியப் பாத்தா. சொன்னத செய்யேண்டின்னு முதுகுல நான் ஒண்ணு வெச்சேன்.

— ஆதி, அத்த எதுக்கு இப்ப.

— இல்லய்யா, சொல்லிடறேன். நானுந்தான் அடிச்சேன் சார். அந்தக் கைய இன்னா பண்றதுன்னு எனுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

— சரி, கண்ணத் தொடச்சிக்கோம்மா. நான் சொல்றத கேளு. மெட்ராஸ்ல இதுக்குன்னே ஸ்கூல் இருக்கு. அங்கயே தங்கிப் படிக்கலாம். நான் லெட்டர் எழுதித் தரேன்.

— போனோம் சார். வைகாசில போனோம். நல்ல மாதிரியாத்தான் பேசினாங்க. இப்ப எடம் இல்ல, பேரு எழுதிக்கினோம், ரெண்டு வருஷம் ஆவும்னாங்க. அதுவரைக்கும் பக்கத்து ஸ்கூல்ல நாலு எழுத்து கத்துகினு வரட்டும்னு அவங்களே சொல்லி அனுப்பினாங்க.

— இன்னிக்குத்தான் சேக்கறதுக்குக் கடசி நாளாம், வுட்டா அடுத்த வருஷந்தான்னு சொல்றாங்க சார். அதான் இன்னிக்கு கடலுக்குக் கூட போவாம வந்துகிறேன்.

— டெபுடி இன்ஸ்பெக்டர் வந்து இவள எழுப்பிக் கேள்வி கேட்டா என்ன பண்றது? இவ பேந்தப் பேந்த முழிப்பா. ரிமார்க் எழுதறது எனக்கு.

— பேசற புள்ளைங்க மட்டும் டெபுடிக்கு பதில் சொல்லிக் கிழிச்சிதுங்களா? என் கொழுந்தன் பையன் போன வருஷம் அவரப் பாத்து நின்ன எடத்துலயே மூத்திரம் பூட்டான். அவனையும் இந்த ஸ்கூல்ல பாஸ் போட்டாங்களே.

— பிள்ளைங்க கேலி பண்ணும்மா. அத யோசிச்சியா? பிள்ளைங்க பொல்லாததுங்க. நம்ம பிள்ளையச் சுத்தி நின்னு பத்து பேர் சிரிக்கிறத பாத்துட்டு நிக்கிறது லேசுப்பட்டது இல்ல. அந்த அசிங்கத்துக்கு வீட்டோட இருக்கறது மேல். நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.

— சிரிப்பாங்க சார். ரெண்டு நாளு சிரிப்பாங்க, மூணாவது நாளு அலுத்துடும். வூட்லயே பூட்டி வெச்சா நாமதான காலம் பூரா அழணும். நேத்து தூக்கத்துல சிரிச்சா. காலையில எழுப்பி, இன்னாடி கனா கண்டன்னு கேக்க எனுக்கு வழியில்ல. தண்ணி வேணும், பசிக்குது, அதுக்கெல்லாம் கை போதும். கனாவக் கையால எப்டி சொல்லுவா? உங்களுக்கு எழுத்துன்றது படிப்பு. இவளுக்கு அதான் சார் வாயி. அத்த குடுங்கன்னுதான் கேக்கறேன்.

— சார், இவ பேசற மாதிரி எனுக்குப் பேச வராது. நீங்க ஒரு தபா அவளப் பாருங்க. அது போதும்.

— சரி. கூப்பிடு. நோட்டுல மூணு தடவ பத்தலன்னு இருக்கு. மாத்தணும்னா நான் டெஸ்ட் வெச்சேன்னு எழுதியாகணும். பேர் என்ன?

— வேண்டா.

— வேண்டாவா?

— மூணு பொண்ணுக்கப்பறம் நாலாவதும் பொண்ணா வந்தா எங்க பக்கம் அப்டிதான் வெப்பாங்க சார். எங்க மாமியா வெச்சது.

— நான் வெக்கல சார்.

— நீ தடுக்கவும் இல்ல.

— ஜன்னல்கிட்ட நிக்கிறவதான? வேண்டா. இந்தாம்மா வேண்டா, இங்க வா.

— அவ திரும்ப மாட்டா சார். நான் போய் தோளத் தொட்டுக் கூட்டினு வரேன். வாடா கண்ணு. சாரப் பாரு.

— சார், இப்ப வாயால சொல்லாதீங்க. நீங்க செஞ்சி காட்டுங்க.

— நானா?

— அவ உங்க கையத்தான் பாப்பா.

— இருசப்பா, வாசல்ல யாராவது இருக்காங்களா பாரு.

— யாரும் இல்ல சார். ஒரு ஆடு கீது.

— ம். இப்படி தலைக்கு மேல கைய... சட்டை பிடிக்குது. இரு. இந்தா, தொட்டாச்சு.

— பாருங்க சார். அங்க பாருங்க.

— தொட்டுட்டாளே. காதத் தாண்டி கன்னம் வரைக்கும் கை வருது.

— கைய எறக்குங்க சார். நீங்க எறக்கினாத்தான் அவ எறக்குவா.

— சிரிக்கிறா.

— உங்களப் பாத்துதான் சார். தப்பா எடுத்துக்காதீங்க.

— இல்ல, இல்ல. சிரிக்கட்டும். நம்மளப் பாத்து இப்படி ஒரு பிள்ளை சிரிச்சு எத்தனை நாளாச்சு. அந்த அட்மிஷன் ரிஜிஸ்டர எடு இருசப்பா, உன் கைகிட்டதான் இருக்கு. தகப்பனார் இருசப்பன். தாயார் ஆதியம்மாள். பிறந்த தேதி?

— ஆனின்னு தெரியும். தேதி தெரியாது சார்.

— அறுபத்தஞ்சு ஜூன் ஒண்ணுன்னு போட்டுடறேன். இந்த ஊர்ல பாதிப் பேர் ஜூன் ஒண்ணாந் தேதிதான் பொறந்திருக்காங்க. குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. அத காலியா விட்டுடறேன்.

— வுடாதீங்க. காது கேக்காதுன்னு எழுதுங்க.

— எழுதினா எழுதினதுதாம்மா. அப்புறம் அழிக்க முடியாது. நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்போது இத யாராவது கிளறுவாங்க.

— நாளைக்கு உங்களுக்கே மாத்தல் வரும் சார். அடுத்து வர்ற சாரு கூப்புடுவாரு, இவ திரும்ப மாட்டா, அவரு ஸ்கேல எடுப்பாரு. இந்தக் கட்டத்தப் பாத்தாருன்னா எடுக்க மாட்டாரு. மொத வரிசையில குந்த வெக்கணும், இவ மூஞ்சியப் பாத்துதான் பேசணும், அதையும் எழுதுங்க.

— கட்டம் அவ்வளவு பெருசு இல்லம்மா.

— பொடியா எழுதுங்க.

— நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும். எழுதிட்டேன். கையெழுத்தும் போட்டாச்சு. நாளைக்குக் காலையில பலகையோட அனுப்பு.

— ரொம்ப சந்தோசம் சார். ஆதி, வா போலாம்.

— நீ பொண்ணக் கூட்டினு முன்னால நட. நான் சாராண்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வரேன்.

— ஆதி, வேணாம். அத்தச் சொல்ல வேணாம்னு நீதான சொன்ன.

— கையெழுத்துக்கு முன்னாலதான் வேணாம்னேன். நீ போ.

— இன்னும் என்னம்மா?

— நான் நீங்க குடியிருக்கற திருப்போரூருக்கு மீன் கொண்டு போறவ சார். செவ்வா, வெள்ளி, கிருத்திகை தவுர மத்த நாளு மொத பஸ்ஸு. உங்க சம்சாரம் சாந்தாம்மா நம்ம வாடிக்கைதான். ஊரு சுத்திட்டு, நீங்க ஸ்கூலுக்குக் கெளம்பினப்பறந்தான் உங்க வூட்டுக்கு வருவேன், அதான் உங்களுக்கு என்னத் தெரியாது. மீன்காரிக்கு வாசப்பக்கம் ஏது, கொல்லப்பக்கந்தான் கூடைய எறக்குவேன்.

— இத முதல்லயே சொல்லியிருக்கலாமே.

— சொல்லிட்டுக் கேட்டிருந்தா, எதையோ காட்டி மெரட்டி சேத்த மாதிரி ஆயிருக்கும். என் பொண்ணு அப்டி உள்ள வரக்கூடாதுன்னு பாத்தேன்.

— எதக் காட்டி?

— கொல்லப்பக்கத்து ரூம்புல கட்டில்ல படுத்துகினு கீறானே உங்க புள்ள கேசவன். என் கூடையப் பாத்தா ரெண்டு கையும் ஆட்டுவான். சாந்தாம்மா மீன் கழுவ கெணத்தாண்ட போனா, கதவத் தள்ளிகினு நான் அவனாண்ட ரெண்டு வார்த்த பேசிட்டு வருவேன். நீங்களும் அவனப் பள்ளிக்கூடத்துல போடணும் சார்.

— அவன் நடக்க மாட்டாம்மா. கழுத்து நேரா நிக்காது. பத்து வயசாச்சு, இன்னும் ஊட்டி விடணும். வாயத் தொறந்தா எச்சிதான் வழியும், அவன் என்ன சொல்றான்னு பெத்த எங்களுக்கே புரியாது.

— எனுக்குப் புரியுது சார். உன் ஊர்லதான எங்கப்பா ஸ்கூலு கீது, அங்க என்னச் சேத்துப்பாங்களான்னு தெனிக்கும் என்னாண்ட கேக்கறான்.