மாட்டைத் தெரிந்தது, ஆளைத் தெரியவில்லை

பொள்ளாச்சி பஸ் கோபாலபுரம் செக்போஸ்டில் நின்றபோது, எருத்தேன்பதியில் ஏறிய ஒருவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"மாட்டை நல்லாத் தெரிஞ்சுதுங்க. சம்பந்தியைத்தான் அடையாளந் தெரியல."

"அதெப்படிங்க?"

"புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்க அவங்க ஊட்டுக்குப் போனேன். வாசல்ல ஒரு செவலை மாடு. நெத்தியில சுட்டி, எடது கொம்பு கீழ மடங்கியிருக்கும். என்ன மடிங்கறீங்க! அவரு குடும்பக் கதையெல்லாஞ் சொன்னாரு. நான் உம் கொட்டிட்டே மாட்டைப் பாத்துட்டிருந்தேன்."

"செரி."

"போன வாரம் சந்தையில அதே மாடு. யாரோ கயித்தைப் புடிச்சுட்டு நிக்கறாரு. எங்க சம்பந்தி ஊட்டு மாட்டையாடா திருடுனேன்னு சட்டையைப் புடிச்சுட்டனுங்க."

"ஐயோ, அவரு..."

"சம்பந்தியேதான்! நான்தானுங்க சம்பந்தின்னு கும்பிடறாரு, எனக்கு நம்பிக்கை வரல. மாடு அவரு கையை நக்குச்சு, அப்பறந்தான் உட்டேன். கல்யாணமே நின்னுபோச்சுன்னு ஊட்ல ஒரே அழுகை. நல்ல மனுசன், சிரிச்சுட்டாரு. ஞாபகசக்தி எனக்கு நல்லாத்தானுங்க இருக்குது. கண்ணு எங்க மேயுதோ, அதை மட்டும் புடிச்சு வெச்சுக்குது."

"மாப்பிள்ளை மொகமாவது ஞாபகம் இருக்குதுங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"அவரு மாட்டுக்கு அந்தப் பக்கம் நின்னாருங்க. காலு மட்டும் நல்லாத் தெரியும். நல்லவேளை, மணவறையில நான் காலைத்தானுங்க கழுவோணும்."