காணாமல் போன டீசல்

— இந்த விரலை மோந்து பாருங்க, அமோத்தி.

— வழியில போறவனைக் கூப்பிட்டு விரலை மோக்கச் சொல்றியே, அப்வோலி. என்ன இது?

— நீங்க ஓட்டின ஆம்புலன்ஸோட எஞ்சின் ஆயில். நேத்து மேட்டுல எஞ்சின் இறுகி நின்னுடுச்சாம். கட்டி இழுத்து என் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டாந்திருக்காங்க.

— புது டிரைவரைக் கூப்பிட்டுக் கேளு. என்னை வேலையை விட்டுத் தூக்கி மூணு மாசமாச்சு.

— சும்மா மோந்துதான் பாருங்களேன்!

— ...டீசல் வாடை.

— டீசலேதான். ஏழு லிட்டர் ஆயில் இருக்க வேண்டிய இடத்துல பத்து லிட்டர் வடிஞ்சுது.

— எந்தப் பய கொண்டாந்து ஊத்தினான்?

— எவனும் ஊத்தல. வண்டியே ஊத்திக்கிச்சு. புகைக்குழாய்ல ஒரு வடிகட்டி இருக்கில்ல? அதுல கரி அடைச்சா எஞ்சின் கூடுதலா டீசல் பாய்ச்சி, சூடேத்தி எரிக்கும். அரை மணி நேரம் நிக்காம ஓடினாத்தான் எரிஞ்சு முடியும்.

— அரை மணியா! பிரசவ வார்டுலேருந்து ஸ்கேன் எடுக்கிற இடம் ரெண்டு மைல். போனதும் அணைச்சிடுவேன்.

— பாதியில அணைச்சா, எரியாத டீசல் கீழ இறங்கி ஆயில்ல கலந்துடும். ஒவ்வொரு தடவையும்.

— ஸ்டியரிங் முன்னால ஒரு மஞ்ச விளக்கு மினுக்கும், நீளமா ஓட்டினா அணையும். கசேசே ரோட்டுல கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வரவான்னு ஆஸ்பத்திரி ஆபீஸ் அம்மாகிட்ட கேட்டேன். ஊர் சுத்தவா டீசல்னு எரிஞ்சு விழுந்தாங்க.

— இன்னுமா புரியல? மாசாமாசம் டீசல் குறையுதுன்னு உங்க மேல திருட்டுப் பழி போட்டாங்களே. அந்த டீசல் பாதி வடிகட்டியில எரிஞ்சுது. மிச்சம் இதோ, இந்த வாளியில.

— இந்த வாளியிலயா! என் பொண்டாட்டி மூணு மாசமா சர்ச்சுல கடைசி பெஞ்சுல உக்கார்றா. சந்தையில மாட்டோகே வாழைத்தார் தூக்கக்கூட என்னை யாரும் கூப்பிடல.

— பாவி நானும்தான். விசாரணை அப்போ, டேங்குல ஓட்டை இல்லைன்னு எழுதிக் கொடுத்தது நான். ஆயில் பாக்கிற கம்பியை ஒரு தடவை உருவியிருக்கலாம்.

— நான் உருவினேனே! கோட்டுக்கு மேலதான் நின்னுது. நல்ல ஜாதி வண்டி, சொட்டு ஆயில் குடிக்கலைன்னு சந்தோஷப்பட்டேன்.

— எந்திரிங்க. வாளியோட நேரா ஆஸ்பத்திரிக்குப் போவோம். உங்க திருட்டுக் கேஸ் கோர்ட்டுல வெள்ளிக்கிழமைதானே? நான் வந்து சாட்சி சொல்றேன்.

— அலைஞ்சு அலைஞ்சு அலுத்துட்டேன், அப்வோலி. ஒத்துக்கிட்டா ஜெயில்ல போட மாட்டோம்னு போலீஸ்ல சொன்னாங்க. இப்பதான், திருடினேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன்.