பின்பக்கமாக ஒரு பாடம்

நான் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். நீங்களும் கூச்சப்பட வேண்டாம், ஐயா. தொழிற்பயிற்சிப் பள்ளியில் முப்பது வருடம் மின்சாரப் பாடம் நடத்தி, ஊரையே தூங்க வைத்தவன் நான்.

எனக்குப் பிடித்த பாடம் டிரான்ஸ்ஃபார்மர். ஓர் இரும்புச் சட்டத்தில் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றையொன்று தொடுவதே இல்லை. ஆனாலும் இதில் ஓடுவது காந்தமாகி அதில் மின்சாரமாக எழும். என் மனைவியும் நானும் பேச்சுவார்த்தை நிறுத்திய நாட்களைத்தான் உதாரணம் சொல்வேன். யாரும் சிரித்ததில்லை. சுற்று அதிகமுள்ள பக்கம் அழுத்தம் அதிகம். தெருமுனையில் பதினோராயிரம் வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்கு அனுப்புவதும் அதுதான், கைப்பேசி சார்ஜருக்குள் குட்டியாக உட்கார்ந்திருப்பதும் அதுதான். அதற்கு முன்பக்கம், பின்பக்கம் தெரியாது. வீட்டுப் பக்கமிருந்து மின்சாரம் கொடுத்தால் அழுத்தத்தை ஏற்றித் தெருக் கம்பிக்கு அனுப்பிவிடும்.

என் மாப்பிள்ளை லைன்மேன். என்னிடமே படித்தவர். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் ஃபியூஸ் போனாலும் எல்லோரும் அவரைத்தான் கேட்டார்கள். நான் டார்ச் பிடித்தேன்.

போன வாரம் சாப்பிடும்போது, கம்பத்தில் ஏறுமுன், எந்தப் பக்கமிருந்து மின்சாரம் வந்தாலும் மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் கம்பியை மாட்டுகிறாரா என்று கேட்டேன்.

"லைனை ஆஃப் பண்ணிட்டா அது வெறும் கம்பி, மாமா. எர்த்தெல்லாம் உங்க கரும்பலகையில மாட்டத்தான்" என்றார்.

என் மகளும் சிரித்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

புயல் அடித்த மறுநாள் காலை எங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு வரும் கம்பி அறுந்திருந்தது. அந்த டிரான்ஸ்ஃபார்மரை நம்பி இருந்தவை எங்கள் வீடும் பூட்டிக் கிடந்த இரண்டு வீடுகளும்தான். மாப்பிள்ளை மகளுக்குப் போன் செய்தார். "கம்பத்துல ஏறப்போறேன். பத்து நிமிஷத்துல கரண்ட் வந்துடும்னு மாமாகிட்ட சொல்லு." அவள் வந்து சொன்னாள். நான் கொல்லைப்பக்கம் போய், ஐந்து நிமிடம் பொறுத்து, ஜெனரேட்டரைப் போட்டேன். வீட்டைத் தெருக் கம்பியிலிருந்து பிரிக்கும் மெயின் சுவிட்சை இறக்கவில்லை.

கிழவன் மறந்துவிட்டான், விபத்து என்று எழுதிக்கொள்கிறேன் என்கிறீர்கள். உங்கள் நல்ல மனசு. ஆனால் 'முதலில் மெயினை இறக்கு' என்று முப்பது வருடம் தொண்டை வறளக் கத்தியவன் அதையே மறந்தான் என்று ஊர் பேசினால் என் மானம் என்ன ஆவது? மறக்கவில்லை என்றே எழுதுங்கள். அவர் மேலே இருப்பது தெரிந்துதான் போட்டேன்.

மகள் மூன்று நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை. புருஷன் போன துக்கம் கொஞ்சம் ஆறட்டும். உட்கார வைத்து, எர்த் எங்கே மாட்டியிருக்க வேண்டும் என்று படம் போட்டு விளக்குவேன். கெட்டிக்காரப் பெண், தப்பு யார் பேரில் என்று அவளே சொல்லிவிடுவாள்.