முட்டியில் ஒட்டிய பொட்டு

ஐம்பது வயது ஆண்பிள்ளை வாராவாரம் வந்து ஸ்டிக்கர் பொட்டு வாங்கினால், பாப்பிரெட்டிப்பட்டி ஃபேன்சி ஸ்டோர் அம்மா சிரிக்கத்தான் செய்வார். விளக்கம் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. விசாரணைக்கு வந்திருக்கும் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், மேடம். கல்லூரியில் பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லித்தருகிறேன். இடுப்பு, முட்டி, கணுக்காலில் சிவப்புப் பொட்டை ஒட்டிக்கொண்டு அவர்கள் குதிப்பார்கள். செல்போனில் படம் பிடித்து மெதுவாக ஓடவிட்டால் உடம்பு எங்கே தப்புச் செய்கிறது என்று தெரிந்துவிடும். பெரிய கருவி வாங்க நமக்கு வசதி ஏது.

தரையில் இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயக்கூடாது. சாய்ந்தால் ஒருநாள் ஜவ்வு கிழிந்துவிடும். திருத்த ஆறு வாரம் போதும். பன்னிரண்டு பேரில் ஆறு பேருக்குத் திருத்தினேன். மீதி ஆறு பேரிடம் வாயே திறக்கவில்லை. அவர்களுக்கும் சொல்லிவிட்டால் என் முறை பலிக்கிறது என்று எதை வைத்துக் காட்டுவது? ஒன்பது வருடமாக இழுத்துக்கொண்டிருக்கும் முனைவர் பட்ட ஆய்வு அது. சலித்துப்போய்விட்டேன்.

சித்தேரி மலையிலிருந்து வந்த வெண்மதி அந்த மீதி ஆறு பேரில் ஒருத்தி. விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போகவேண்டும் என்றே பந்தைத் தொட்டவள். முதல் நாள் படத்திலேயே பார்த்தேன், அவள் இறங்கும்போது இரண்டு முட்டியும் இடித்துக்கொள்ளப் பார்த்தன. பொங்கல் கழிந்து அவளே வந்து கேட்டாள்.

"சார், எறங்கறப்போ முட்டி விண்ணு விண்ணுங்குதுங்க. அவங்களுக்குச் சொல்லித் தர்றத எனக்கும் சொல்லித் தர்றீங்களா?"

"உனக்குத் தேவையில்லம்மா. நீ நல்லாத்தான் எறங்கற."

ஆய்வு முடியப் பதினோரு நாள்தான் பாக்கி. நடுவில் மாற்றினால் அத்தனையும் வீண்.

அவள் கேட்ட ஒன்பதாம் நாள் அரூர் போட்டியில் விழுந்தாள். முட்டி போன சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது. நான்தான் முதலில் ஓடிப்போய்த் தூக்கினேன், செல்போனில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

ஆஸ்பத்திரியில் கேட்டாள், "நான் ஏதாச்சும் தப்பா குதிச்சுட்டேனுங்களா சார்?"

"ஆமாம்மா" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. டாக்டர் இனி ஓடவே கூடாது என்றுவிட்டார்.

தெரிந்தேதான் விட்டேன், மேடம். கையெழுத்தும் போடுகிறேன். ஒன்று மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வேட்டில் எங்கேயும் வெண்மதியின் பெயர் வராது, படத்தில் முகத்தையும் மறைத்துவிட்டேன். பெண்பிள்ளைகள் விஷயத்தில் நான் ரொம்பக் கவனமாக இருப்பவன்.