என் வீட்டுக்காரர் ஒன்பது நாள் இருந்த இடம்

என் பெயர் செல்லக்கனி. வயது முப்பத்துநான்கு. கணவர் பெயர் சின்னச்சாமி. விஸ்வநத்தத்துக்குக் கிழக்கே காலனியில் மூன்றாவது தெருவில் குடியிருக்கிறேன். பதினொரு வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னும் வேலை. ஐந்தாவது வரை படித்திருக்கிறேன், கையெழுத்துப் போடுவேன். மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் நான் போட்ட ஆட்கொணர்வு மனு சம்பந்தமாக, அந்த நீதிமன்றம் நியமித்த நீதித்துறை அதிகாரி முன்பு இன்று 6.7.2007 வெள்ளிக்கிழமை விருதுநகரில் ஆஜராகி, யார் மிரட்டலும் இல்லாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல் சொல்வதாவது:

கடந்த 7.6.2007 வியாழக்கிழமை பகல் பதினொன்றரை மணி சுமாருக்கு எங்கள் கம்பெனியில் ஓர் அறை வெடித்தது. ஓர் அறையில் நாலு பேர்தான் இருக்கலாம் என்று சட்டம். அன்று ஏழு பேர் இருந்தார்கள். ஐந்து பேர் செத்தார்கள். ஆனால் நாலு பேர் என்றுதான் எழுதினார்கள். ஐந்தாவது ஆள் வள்ளித்தாய், என் கணவரின் சித்தி மகள். அவள் பெயர் கம்பெனி ரிஜிஸ்டரில் இல்லை, அதனால் அவள் அங்கே சாகவும் இல்லை என்றார்கள். என் கணவர் அதே கம்பெனியில் மருந்து கலக்குபவர். அவர் அதன் பிறகு 9.6.2007 சனிக்கிழமை காலை இருபது பேருடன் ரோட்டில் உட்கார்ந்து, வள்ளித்தாய் பெயரையும் எழுதச் சொல்லிக் கேட்டார். அதைத் தவிர அவர் வேறொன்றும் செய்யவில்லை. கல் எறியவில்லை, யாரையும் வையவுமில்லை. எங்கள் வீட்டில் வைகிற ஆள் நான்தான்.

அதன் பிறகு 11.6.2007 திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு என் கணவர் தெருக்குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு ஜீப் வந்தது. சீருடையில் ஒருவரும் சாதா உடையில் மூவரும் இறங்கினார்கள். "ஏலே, சின்னச்சாமி நீதானே? ஏறு" என்றார் ஒருவர். எதற்கு என்று நான் கேட்டேன். "சின்ன விசாரணை, மத்தியானம் அனுப்பிருவோம்" என்றார். முகத்தில் சோப்பு நுரை இருந்தது. அதைக் கழுவக்கூட விடவில்லை. தெருவே பார்த்தது.

அன்று மத்தியானம் தூக்குவாளியில் சோறு கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். அப்படி யாரையும் கொண்டுவரவில்லை என்றார்கள். மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் வாசலில் நின்ற காவலர், "இங்கன வந்து நிக்காத தாயி. ஆளே இல்லாதப்ப சோறு யாருக்கு?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் வாளியை அங்கேயே வீசியிருப்பேன், உள்ளே அவர் இருந்தால் அடி கூடுமே என்று பயந்து திரும்பினேன். அந்தச் சோறு எனக்கும் இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு வீரலட்சுமி, "யானை வாயில போன கரும்புக்கா, பேசாம இருங்க" என்றாள். சாட்சி சொல்ல வா என்றேன். "நாங்க பாத்தோம்னு சொன்னா நாளைக்கு எந்தக் கம்பெனியில எங்களைச் சேப்பாக?" என்று அழுதாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவள் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அதன் பிறகு 14.6.2007 அன்று விருதுநகரில் வக்கீல் அன்பரசனைப் பார்த்தேன். போலீஸ் பிடித்துப்போன ஆட்களுக்காக அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போடுகிறவர் என்று சொல்லியிருந்தார்கள். அரசாங்கத்தை எதிர்த்து நின்றால் குடும்பம் விளங்குமா என்று கேட்டேன். "ஒருத்தரைப் பிடிச்சா இருபத்துநாலு மணி நேரத்துல நீதிபதி முன்னால நிறுத்தணும்மா. அதை அவுக மீறியிருக்காக. நீங்க ஏன் பயப்படுறீக?" என்றார். அன்றே மனுவில் கையெழுத்திட்டேன்.

இனிமேல் சொல்வது எனக்கு எதிரானது. தெரிந்துதான் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே போர்மேன் ஒரு பாடம் சொல்லிக்கொடுப்பார். எனக்குச் சொன்னவர் போர்மேன் சுடலை. பைலோடு யார் கம்பெனிக்கோ வீட்டுக்கோ வந்து கேட்டாலும் யோசிக்காமல் சொல்ல வேண்டும். எத்தனை பேர் என்றால் நாலு பேர். எம்புட்டு நாளாக என்றால் இன்றைக்குத்தான் வந்தோம். வீட்டுக்காரர் எங்கே என்றால் வெளியூருக்குப் போயிருக்கிறார். குறை ஏதும் உண்டா என்றால் ஒரு குறையும் இல்லை. நீட்டின இடத்தில் கையெழுத்து. பதினொரு வருடமாக, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். தப்பாகச் சொன்னவர்களை மறுநாள் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள்.

18.6.2007 திங்கட்கிழமை பகல் இரண்டு மணிக்கு வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கையில் பைலோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்போது நான் வீட்டில் திரி பின்னிக்கொண்டிருந்தேன். வீட்டில் வைத்துச் செய்யக் கூடாத வேலை, அடுப்பு எரிய வேண்டுமே என்று செய்தேன். திரி கிடந்த முறத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியே வந்தேன். "விசாரணைக்கு வந்திருக்கேன். சின்னச்சாமி எங்க?" என்று கேட்டார். "வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்காக சார், ரெண்டு நாள்ல வந்துருவாக" என்றேன். ஏதும் பிரச்சினை உண்டா என்றார். "ஒரு குறையும் இல்ல சார்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுதினார், நீட்டினார், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அவர் போன பிறகு, நல்ல வேளை முறத்தைப் பார்க்கவில்லை என்று பெருமூச்சு விட்டேன்.

அவர் என் மனுவின்மேல் நீதிமன்றம் அனுப்பிய ஆணையர். சாயங்காலம் கடை போனில் வக்கீல் கூப்பிட்டு, "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீக!" என்று கத்தின பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அடிப்பாவி என்று நானே என் தலையில் அடித்துக்கொண்டேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் என் வீட்டுக்காரரைக் கெடுத்துவிட்டேன்.

அதன் பிறகு 20.6.2007 புதன்கிழமை, என் கணவரை அன்று காலைதான் எங்கள் வீட்டுக்குப் பின்னால் திருட்டுத்தனமாக வெடி தயாரிக்கும்போது பிடித்ததாகச் சொல்லி கோர்ட்டில் நடுவர் முன்பு கொண்டுவந்தார்கள். காலை ஊன்றி நடக்க முடியாமல் வந்தார். வராண்டாவில் ஒரு நிமிடம் பக்கத்தில் விட்டார்கள். நான் அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன்.

மருந்து கலக்குகிறவர்களின் நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் ஏறியிருக்கும். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது, ஒரு வாரமாவது மருந்தைத் தொடாமல் இருந்தால்தான் போகும். கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் என் கணவர் நகம் வெளுத்து நான் பார்த்ததில்லை. அன்று காலை வரை வெடி செய்தார் என்றார்களே, அவர் பத்து நகமும் வெள்ளையாக இருந்தன. அதை நடுவர் ஐயாவிடம் சொல்ல முன்னால் போனேன், ஒரு பெண் காவலர் என்னை ஓரமாக இழுத்துவிட்டார். என் கணவர், "விடு செல்லக்கனி, நீ வீட்டுக்குப் போ" என்றார். அவர் இப்போது ஜெயிலில் இருக்கிறார்.

ஆணையரிடம் அன்று பொய் சொன்ன நீ இன்று சொல்வதை எப்படி நம்புவது என்று அதிகாரி அவர்கள் கேட்டதற்குச் சொல்கிறேன். அன்று சொன்ன பொய்யை எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. அதைச் சொன்னால் வேலை இருக்கும். இன்று சொன்னதற்கு இந்த வட்டாரத்தில் ஒரு கம்பெனியும் என்னை வாசலில் ஏற்றாது. வேலையை விட்டுவிட்டு ஒருத்தி எதற்குப் பொய் சொல்வாள்?

பொய்ச் சாட்சிக்கு உன் மேலும் வழக்கு வரலாம், தெரியுமா என்று கேட்டதற்குச் சொன்னது, நான் சொன்ன வார்த்தையிலேயே எழுதக் கேட்டுக்கொண்டபடி: "என்னைய உள்ள வைங்க சார், நான் செஞ்சது தப்புதான். ஆனா அந்த ஒம்பது நாளும் அவுக வெளியூர்ல இருந்தாகன்னு மட்டும் எழுதிராதீக."

இதை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, எல்லாம் உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன்.

(ஒப்பம்)
சி. செல்லக்கனி