தலைவர் தூங்கிய காட்சி

பெசமினோ: ...நான் வரல. நீ உள்ள போ, லாங்கி.

லாங்கி: ஊரே படம் பாக்குது. எடுத்தவர் மட்டும் தண்ணித்தொட்டிக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கார்! நல்லாருக்கு அண்ணே.

பெசமினோ: சிரிக்கிறாங்களா?

லாங்கி: காது அடைச்சிருக்கா? சர்ச் ஹால் கூரையே பறக்குது!

பெசமினோ: முதல் பாதி இழுக்குதுடி. கல்யாண வீட்டுக்கு ஆள் வந்துகிட்டே இருக்கு... கதை எங்க ஆரம்பிக்குது?

லாங்கி: வீட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு வசனம்னு குடுத்தா இழுக்காம?

பெசமினோ: ஒரு வீட்டை விட்டிருந்தா, சாகுற வரைக்கும் நம்மகூடப் பேசுவாங்களா?

லாங்கி: போதகர் பாட்டு வேற... எல்லா சரணமும்!

பெசமினோ: அவரை நீ நிறுத்தச் சொல்லிருக்கலாமே.

லாங்கி: சரி, குறைதான். ஆனா எல்லாரும் ஒண்ணா விருந்துக்கு உக்காந்த பிறகு பாரு... ஒருத்தர் வாய்லேருந்து விழற வார்த்தையை இன்னொருத்தர் பிடிக்கிறாங்க. கூடவே பொறந்து, சண்டை போட்டு வளந்தவங்களுக்குத்தான் அது வரும்.

பெசமினோ: அது இருக்கட்டும்... ஊர்த்தலைவர் எங்க உக்காந்திருக்கார்?

லாங்கி: லேமானா ஐயாவா? முன் வரிசை. விசிறியோட.

பெசமினோ: நல்லவேளை, விருந்துல அவர் தூங்கிப்போன காட்சியை நீ எடிட்டிங்ல வெட்டிட்டே.

லாங்கி: வா அண்ணே, உள்ள போலாம்.

பெசமினோ: வெட்டிட்டேல்ல?

லாங்கி: அண்ணே, படத்துலயே உசந்த இடம் அதுதான்! விருந்து ஜெபத்துக்குக் கண்ணை மூடுங்கன்னு சொன்னே, மனுஷன் குறட்டையே விட்டுட்டார். தலைவரை எழுப்ப யாருக்குத் துணிச்சல்? கேமரா பாட்டுக்கு ஓடுது... பக்கத்துல இருந்த பசங்க அவர் தட்டுலேருந்தே பன்னிக்கறியை எடுத்து...

பெசமினோ: அடிப்பாவி! நாளைக்கு ஊர்க்கூட்டத்துல "இந்தப் படம் தலைநகர் ஆப்பியா தியேட்டருக்குப் போகக்கூடாது"ன்னு அவர் ஒரு வார்த்தை சொன்னா போச்சே! ரெண்டு வருஷ உழைப்புடி!

லாங்கி: ஷ்ஷ்... கேளு.

பெசமினோ: சத்தமே இல்லையே?

லாங்கி: அந்தக் காட்சிதான் ஓடுது.

பெசமினோ: செத்தேன்.

லாங்கி: இரு... இதோ!

பெசமினோ: அம்மாடி! தரையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாங்களே... ஏய், யாரோ வராங்க.

லாங்கி: தலைவரேதான். ஓடாதே!

லேமானா: யாருடா தொட்டிக்குப் பின்னால? பெசமினோவா?

பெசமினோ: தலைவரே, மன்னிச்சிடுங்க. நீங்க தூங்கினதை...

லாங்கி: தப்பு என்னுதுங்க. அண்ணன் வெட்டத்தான் சொன்னாரு.

லேமானா: வெட்டுறதா? என் பொண்டாட்டி சிரிச்சுச் சிரிச்சு பாய்ல உருளுறா! மறுபடியும் போடுன்னு உள்ள ஒரே கூச்சல். அது சரி... நான் தூங்கினேன்னு எவன் சொன்னான்?

பெசமினோ: அப்ப...

லேமானா: "நான் போதும்னு சொன்னாத்தான் கண்ணைத் தொறக்கணும்"னே. படம் எடுக்கிற இடத்துல நீதானேடா தலைவன்? கறியை எடுத்தது யார் யாருன்னுகூடக் குரலை வச்சே தெரியும். வாயைத் தொறக்காம காத்துக்கிட்டே இருந்தேன்... கடைசி வரைக்கும் நீ சொல்லவே இல்ல!

லாங்கி: அப்ப அந்தக் குறட்டை?

லேமானா: அது நானா சேத்துக்கிட்டது. எப்படி இருந்துச்சு?